தோன்றா எழுவாய்

இரவு பத்தேகால். வினிபெக்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பள்ளிக்கூடத்தில் மிச்சம்
நானும் என் வாளியும்
மூன்றாம் மாடியில் தானாகத் திறந்து மூடும்
ஏதோ ஒரு லாக்கரும்.

இருநூற்றுப் பதினான்காம் அறை,
மிஸ் கொவல்சுக்கின் ஆங்கில வகுப்பு.
அவரை நான் கண்டதில்லை.
மேசையில் அவர் கோப்பை விட்ட வட்டம் தெரியும்,
கதிரையில் மறந்துபோகும் சாம்பல் சால்வை தெரியும்,
காற்றடித்த நெல்லைப்போல் வலப்பக்கம் சாயும்
நீலக் கையெழுத்துத் தெரியும்.

பலகை முழுக்கச் சோதனைக்கான சொற்கள்.
சிமிலி. மெட்டஃபர். ஐரனி.
உவமைக்கு அவர்களிடம் 'லைக்' என்றொரு உருபு,
எங்கள் 'போல'வுக்குத் தூரத்துச் சொந்தம்.
ஐரனிக்கு ஒரு பிள்ளை எழுதிய உதாரணம்:
'ஐஸ்கிரீம் கடைக்காரருக்குப் பல் கூச்சம்.'
என்னிடமும் ஒன்று உண்டு.
துடைக்க வந்தவளுக்கு
இந்த அறையில் தொடக்கூடாத ஒரே இடம் இந்தப் பலகை.
வலது மூலையில், சிவப்பில்,
கீழே இரண்டு கோடு கீறி
'அழிக்காதே.'

அழிக்காதேயோ, அழிக்காதீர்களோ.
மரியாதையை ஆங்கிலத்தில் நாமே ஊகிக்க வேண்டும்.
இடது பத்தியில் விளக்கமும் இருக்கிறது:
கட்டளை வாக்கியத்தில் எழுவாய் வெளியே வராது,
அடைப்புக்குறிக்குள் 'நீ' என்று நினைத்துக்கொள்.
எட்டாம் வகுப்பில் இதற்குத்
தோன்றா எழுவாய் என்று விடை எழுதி
ஐந்துக்கு ஐந்து எடுத்தவள் நான்.
இருபத்தாறு வருடம் கழித்துத் தெரிகிறது
அந்த அடைப்புக்குறிக்குள் நிற்பது யாரென்று.
முப்பது பிள்ளைகள் வாசிக்கும் பலகையில்
என்னோடு மட்டும் பேசுகிற
இரண்டங்குல வரி.

லைட்டை அணைக்கத் திரும்பினேன்.
முழங்கை பட்டு
ஃபோர்ஷாடோயிங்கின் வால் போய்விட்டது.
வருவதை முன்கூட்டிச் சொல்லும் சொல்லாம்.
தனக்கு வருவதைச் சொல்லவில்லை.
நீல மார்க்கரைத் தேடி
கடைசி மூன்று எழுத்தையும் நானே எழுதினேன்.
அவருடையவை சாய்வு, என்னுடையவை நெட்டுக்குத்து.
சுகமில்லாதவரைத் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

அதற்குக் கீழே கட்டம் போட்டு:
'பேஸிவ் வாய்ஸைக் குறையுங்கள்.
செய்தது யார் என்று சொல்லுங்கள்.'

கதவுக்குப் பின்னால் என் பதிவுத்தாள்.
நாலு மாதமாக என் கையெழுத்தில்:
தரை துடைக்கப்பட்டது.
குப்பை அகற்றப்பட்டது.
கதிரைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன.
சூப்பர்வைசர் டுவெய்ன் தந்த வாக்கியங்கள்.
பேய் துடைத்ததோ, பனி துடைத்ததோ,
தாளுக்குத் தெரியாது.

தமிழென்றால் 'துடைத்தேன்' போதும்.
வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு
நானும் வந்துவிடுவேன்,
தனியாகக் கூப்பிடத் தேவையில்லை.
ஆங்கிலத்தில் அந்த ஒளிப்பிடம் கிடையாது.
வாக்கியத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்,
ஒற்றை எழுத்தாக, எப்போதும் பெரிய எழுத்தாக,
பனிக்குள் நட்ட கம்பம் போல.
(சிமிலி.)

பேனை முதலில் எழுதவில்லை.
தாளின் ஓரத்தில் வட்டம் வட்டமாய்க் கிறுக்கி
அன்றைய கட்டத்துக்குள் அவர்கள் பாஷையில் எழுதினேன்:
நான் தரையைத் துடைத்தேன்.
முற்றுப்புள்ளி.
பெயர்: தவரஞ்சினி.
கட்டம் காணவில்லை; 'சினி' வெளியே வழிந்தது.

திங்கட்கிழமை டுவெய்ன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
'இதென்ன, புதுசாக ஆரையும் வேலைக்கு எடுத்திருக்கா?'
'இல்லை, நான்தான்.'
'ஓ' என்றார். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார்.
'துடைக்கப்பட்டது என்றே போடு,
மேலிடத்தில் அதுதான் பழக்கம்.'

இருநூற்றுப் பதினான்கில் சோதனை முடிந்திருந்தது.
பலகையில் புதுச் சொற்கள், இன்னும் எனக்குத் தெரியாதவை.
நான் எழுதிய மூன்று எழுத்தையும்
ஆரோ துடைத்திருந்தார்கள்.
துடைக்கப்பட்டிருந்தன என்றும் சொல்லலாம்.
சிவப்பு வரி மட்டும் அதே மூலையில்.

வாளியை உள்ளே தள்ளினேன்.